வால்வுகளும் குமிழ்களும்: உடைந்த ஒலியின் வரலாறு

கடந்த ஆண்டின் முற்பகுதியில் கனடாவில் வாழும் என் தமக்கையின் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் பத்திரிகைக் கந்தோரில் நள்ளிரவு வரை விழித்துப் பழகியவனுக்கு ஒன்பது மணிக்கு உறங்கும் வீடு ஒத்துவரவில்லை. ஆகவே இரவுகளில் கீழ்த்தளத்து அறையில் மருமகனோடு இருப்பதே என் பொழுதுபோக்காயிற்று. அவன் பகலில் ஒரு வங்கியில் வேலை செய்கிறான். இரவில் கிற்றார் வாசிக்கிறான். அவனது அறையின் மூலையில் ஒரு சிறிய தேயிலைப் பெட்டியின் அளவில் ஓர் அம்பிளிபயர் இருந்தது. ஆளியைப் போட்டதும் அதன் முதுகுப்புறத்தில் செம்மஞ்சளாய்ச் சில விளக்குகள் மெல்ல எரியத் தொடங்கின.

எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டுப் பழைய றேடியோ நினைவுக்கு வந்தது. அப்பா ஆளியைத் திருப்பியபின் செய்தி அறிக்கைக்காக ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். வால்வு சூடேறினாற்றான் குரல் வரும். ட்ரான்சிஸ்டர் வந்ததும் அந்தக் காத்திருப்பு வீட்டைவிட்டுப் போயிற்று. 21ஆம் நூற்றாண்டின் கால் பங்கு கழிந்த பின்னரும் ஓர் இளைஞன் வால்வை நம்பியிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவன் வாசித்தபோது ஒலி சற்று மெலிந்து கூர்மையாக வருவதாகத் தோன்றவே, உதவி செய்யும் எண்ணத்துடன் ‘பேஸ்’ என்றிருந்த குமிழைக் கூட்டப் போனேன். அவன் என் கையைப் பிடித்துவிட்டான்.

“உதைக் கூட்டாதேங்கோ மாமா, சத்தம் கலங்கிப்போம். உது இரண்டிலதான் நிக்கவேணும்.”

பத்து வரை எண் இட்ட குமிழை இரண்டிலேயே நிறுத்திவைப்பதற்கு எதற்காகப் பத்து வரை எண்? அவன் வாங்கிய புதிதில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து வாசித்தானாம். சேற்றில் கால் புதைந்தது போன்ற ஒலியே வந்ததாம். நான்கு மாதங்களில் அதை விற்றுவிடும் முடிவுக்கும் வந்துவிட்டான். பின்னர்தான் அந்தக் குமிழ்கள் எந்த ஒழுங்கில், எதன் முன்னே, எதன் பின்னே இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை ஒருவர் விளக்கினாராம். அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் நான் வாசித்தறிந்தவையே இக்கட்டுரை. நான் பொறியியலாளன் அல்லன், கலைப் பட்டதாரி. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குப்பி. அதனுள் சூடாக்கப்படும் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் ஒரு நுண்கம்பி வலை. அந்த வலைக்குக் கொடுக்கப்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம், பெரும் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகிறது. 1906 இல் அமெரிக்கரான லீ டி ஃபொறெஸ்ற் இந்த வலையைச் சேர்த்ததே இலத்திரனியலின் பெருந்திருப்பம். கிற்றார் அம்பிளிபயர்களில் இன்றும் பயன்படும் ‘12ஏஎக்ஸ்7’ என்ற சிறு வால்வின் பெருக்கக் காரணி 100. ஐரோப்பாவில் இதே வால்வுக்கு ‘ஈசிசி83’ என்று பெயர்.

ஆனால் எந்த வால்வுக்கும் எல்லையுண்டு. தாங்கக்கூடியதைவிடப் பெரிய சைகையைக் கொடுத்தால் ஒலியலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. வெட்டுப்பட்ட அலையில் மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. கூடவே இன்னொன்றும் நிகழ்கிறது. உரத்த ஒலி அந்த எல்லைக்கு மேல் உயராததால், தந்தியின் அதிர்வு தணியும்போதும் ஒலி குறைவதாகக் காதுக்குத் தெரிவதில்லை. மீட்டியவுடன் மங்கிப்போகும் கிற்றார், வயலினைப்போல் நீண்டு ஒலிக்கத் தொடங்குகிறது. பொறியியலாளர் இதற்கு இட்ட பெயர் ஒலிச்சிதைவு. அவர்களுக்கு அது குற்றம். நூலில் அவ்வாறுதான் எழுதியிருந்தது. அதை அகற்றுவதற்கே அவர்கள் சம்பளம் வாங்கினார்கள்.

லியோ ஃபெண்டரும் அப்படித்தான் எண்ணினார். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ரன் நகரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த இவர், கணக்கியல் படித்தவர். கிற்றார் வாசிக்க அவர் கடைசிவரை கற்கவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். 1946 இல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கி, உறுதியான, தெளிவான, எளிதில் திருத்தக்கூடிய அம்பிளிபயர்களைச் செய்தார். அவர் தேடியது தூய ஒலியை. அவருடைய கருவிகளை வாங்கியவர்கள் அவற்றை உச்சத்துக்குத் திருப்பி அந்தத் தூய்மையைக் கெடுத்தார்கள்.

இந்த இடத்தில் என் தொழிலுக்குப் பெருமை சேர்க்கும் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. 1951 மார்ச்சில் ஐக் ரேணரின் குழுவினர் ‘றொக்கற் 88’ என்ற பாடலை ஒலிப்பதிவு செய்வதற்காக மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸ் நகருக்குக் காரில் சென்றனர். வழியில் கிற்றார் கலைஞர் வில்லி கிசாட்டின் அம்பிளிபயர் பழுதடைந்தது. காரிலிருந்து விழுந்தது என்பார் சிலர், மழையில் நனைந்தது என்பார் வேறு சிலர். ஒலிப்பதிவுக் கூடத்தின் உரிமையாளரான சாம் ஃபிலிப்ஸ், திருத்த நேரமில்லாததால் ஸ்பீக்கரின் கிழிந்த கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். கரகரத்த அந்த ஒலி சாக்சபோனைப்போல் பாடலுக்குள் இழைந்துகொண்டது. றொக் இசையின் முதற்பாடல் எது என்று விவாதிப்போர் பலர் இதையே முன்வைப்பர். திணிக்கப்பட்டது செய்தித்தாளாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்வோருண்டு. நானும் அப்படியே நம்ப விரும்புகிறேன். மறுநாள் கடலை சுற்றுவதைவிட மேலான கதி அது.

அதன்பின் வந்தவர்கள் விபத்துக்குக் காத்திருக்கவில்லை. லிங் றே 1958 இல் ‘றம்பிள்’ என்ற இசைத்தட்டுக்காகத் தன் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தினார். ஒரு சொல்கூட இல்லாத அந்த வாத்திய இசையைச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. சொல்லில்லாத ஒன்றைத் தணிக்கை செய்த நிகழ்வு இதழியல் மாணவர்களுக்கும் உதவக்கூடும். 1964 இல் இலண்டனில் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் ஒரு மலிவான சிறு அம்பிளிபயரின் ஸ்பீக்கரைச் சவர அலகால் கீறினார்.

கீறுவதும் குத்துவதும் ஒருபுறமிருக்க, அம்பிளிபயரே இந்த ஒலியைத் தரும்படி அமைந்தது இலண்டனின் மேற்குப் புறநகரொன்றில். ஜிம் மார்ஷல் 1923 இல் பிறந்தவர். சிறுவயதில் எலும்புருக்கி நோயினால் ஆண்டுக்கணக்கில் பரிஸ்சாந்துக் கட்டுக்குள் கிடந்தவர். பின்னர் ட்ரம்ஸ் வாசிப்பவராகவும் அதைக் கற்பிப்பவராகவும் ஆனார். 1960 இல் ஹன்வெல் பகுதியில் அவர் திறந்த இசைக்கருவிக் கடைக்கு வந்துபோன இளைஞருள் பீற் டவுன்ஷெண்டும் றிச்சி பிளாக்மோரும் அடங்குவர். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர் அம்பிளிபயர்கள் அன்றைய பிரித்தானிய இளைஞரின் கைக்கெட்டாத விலையில் இருந்தன. அதையொத்த ஒன்றை இங்கேயே செய்யலாமே என்று மார்ஷல் எண்ணினார். அவரது திருத்துநர் கென் பிரானும், டட்லி கிறேவன் என்ற இளைஞரும் ஃபெண்டரின் ‘பாஸ்மன்’ என்ற அம்பிளிபயரின் மின்சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு வேலையைத் தொடங்கினர். 1962, 63 காலப்பகுதியில் ‘ஜேரிஎம்45’ பிறந்தது.

சுற்று ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பாகங்கள் வேறு. ஃபெண்டர் முதற்கட்டத்தில் வைத்த, பெருக்கம் குறைந்த வால்வுக்குப் பதிலாக ஈசிசி83. அமெரிக்க வலு வால்வுகளின் இடத்தில் விரைவிலேயே பிரித்தானிய கேரி66, அதன்பின் ஈஎல்34. திறந்த முதுகுடைய பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதிலாக, மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்ரியன் ஸ்பீக்கர்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒலியைச் சிறிது தடிப்பாக்கிச் சிறிது முன்னதாகவே சிதையச் செய்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட எங்களுக்கு, கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யப்படும் பொருள் மூலத்தைப்போல் இராது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1966 இல் எரிக் கிளப்ரன், ஜோன் மேயோலின் குழுவில் இருந்தபோது, ஒரு மார்ஷல் அம்பிளிபயரை மேடையில் வாசிக்கும் அதே உரப்பில் டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்து வாசித்தார். அக்காலக் கூடங்களில் கலைஞர்கள் ஒலியை அடக்கி வாசிப்பதே வழக்கம். கிளப்ரன் குறைக்க மறுத்துவிட்டார். காரணம் எளிது: குறைத்தால் அந்த ஒலியே இல்லை. அந்த அம்பிளிபயரில் சிதைவைப் பெறுவதற்கு ஒரே வழி முழு உரப்பில் வைப்பதுதான். அதே ஆண்டில் இலண்டன் வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அவ்வாறே செய்தார். (இருவருடைய பெயரிலும் ஜேம்ஸ், மார்ஷல் என்ற சொற்கள் இருந்தமை தற்செயல்.) ‘த ஹூ’ குழு கேட்டதற்கிணங்க 1965 இல் உருவான 100 வாற் அம்பிளிபயர்கள் ஆளுயரப் பெட்டிகளின்மேல் அடுக்கப்பட்டன. அந்தத் தலைமுறைக் கலைஞர்களிற் பலர் முதுமையில் செவிப்புலன் குறைந்து அவதியுற்றமைக்கு இந்த அடுக்குகளும் ஒரு காரணம். டவுன்ஷெண்ட் தன் காதிரைச்சலைப் பற்றிப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வீட்டில் வாசிப்பவனுக்கோ சிறிய மண்டபத்தில் வாசிப்பவனுக்கோ இந்த ஒலி எட்டாக்கனியாகவே இருந்தது.

அதை எட்டவைத்தவர் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்த றண்டல் ஸ்மித். அறுபதுகளின் இறுதியில் இவர் இசைக்குழுக்களின் அம்பிளிபயர்களைத் திருத்திக் கொடுத்துவந்தார். ‘கன்றி ஜோ அன்ட் த ஃபிஷ்’ குழுவின் பாரி மெல்ரனுக்கு ஒரு வேடிக்கை காட்ட எண்ணி, அவருடைய ஃபெண்டர் ‘பிறின்ஸ்ரன்’ என்ற சிறிய, 12 வாற் அளவேயான அம்பிளிபயரின் உள்ளே பெரிய அம்பிளிபயருக்குரிய மின்சுற்றைப் புகுத்தினார். 10 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 12 அங்குலத்தை வைத்தார். வெளியே பார்த்தால் மாற்றம் எதுவும் தெரியாது. அதைக் கடையின் முன்புறத்தில் கார்லோஸ் சந்தானா வாசித்துப் பார்த்தபோது தெருவில் கூட்டம் கூடியதாகவும், இந்தச் சிறுபெட்டி நன்றாக ‘பூகி’ செய்கிறதே என்று அவர் வியந்ததாகவும் ஸ்மித் பின்னாளில் கூறியிருக்கிறார். 1969 இல் மெசா என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் அம்பிளிபயர்களுக்கு ‘பூகி’ என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவரது உண்மையான கண்டுபிடிப்பு அடுத்துவந்தது. லீ மைக்கல்ஸ் என்ற இசைக்கலைஞர், ட்ரான்சிஸ்டரில் இயங்கிய பெரிய வலுப்பெருக்கிகளை இயக்குவதற்கு ஒரு முன்பெருக்கி செய்து தருமாறு கேட்டார். எவ்வளவு சைகை தேவைப்படும் என்பது தெரியாததால் ஸ்மித் வழக்கத்தைவிட ஒரு வால்வுக் கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்து, இடையிடையே அளவைக் கட்டுப்படுத்தும் குமிழ்களையும் வைத்தார். ஒரு வால்வின் வெளியீடு அடுத்ததை நிரப்பி வழியச் செய்ய, அது அதற்கடுத்ததை வழியச் செய்தது. எங்கள் ஊர்க் குளங்களில் மேற்குளம் வான் பாய்ந்து கீழ்க்குளம் நிரம்புவதைப்போல. கடைசியில் ‘மாஸ்டர்’ என்ற குமிழ். முன்னுள்ள வால்வுகளில் வேண்டிய மட்டும் சிதைவை உண்டாக்கி, அதைக் கடைசிக் குமிழால் எவ்வளவு மெதுவாகவும் வெளிவிடலாம். உரப்பு வேறு, சிதைவு வேறு என்று பிரிந்தது அப்போதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘மார்க்’ வரிசையின் முதல் அம்பிளிபயர் இந்த அமைப்போடு வெளிவந்தது. மார்ஷலும் 1975 இல் மாஸ்டர் குமிழ் கொண்ட மாதிரியைக் கொண்டுவந்தார். 1980 இல், தூய ஒலிக்கும் சிதைந்த ஒலிக்கும் இடையே காலால் மாறும் முறைக்கு ஸ்மித் காப்புரிமை பெற்றார். ஒரே பெட்டியில் இரண்டு அம்பிளிபயர்கள் என்ற நிலை அதனால் வந்தது.

இனி என் மருமகன் தடுத்த அந்த பேஸ் குமிழுக்கு வருவோம். ஃபெண்டர் ஐம்பதுகளில் செய்த பாஸ்மனில் பேஸ், மிடில், ட்ரெபிள் ஆகிய குமிழ்களின் தொகுதி முன்பெருக்கியின் கடைசியில், வால்வுக் கட்டங்களுக்குப் பின்னே இருந்தது. மார்ஷல் பிரதி செய்தது அதை. ஆகவே மார்ஷல் வழிவந்த அம்பிளிபயர்களில் ஒலி பெரும்பாலும் சிதைந்த பின்னரே குமிழ்களுக்கு வருகிறது. அறுபதுகளில் ஃபெண்டர் அந்த ஒழுங்கை மாற்றி, குமிழ்களை முதற்கட்டத்தை அடுத்து முன்னே கொண்டுவந்தார். தூய ஒலிக்கு அது பொருத்தமாக இருந்தது. மார்க் வரிசை இந்த ஒழுங்கைப் பின்பற்றியது. அதில் குமிழ்களுக்குப் பின்னேதான் சிதைக்கும் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு மரபும் ஒரே தகப்பனின் பிள்ளைகள், வெவ்வேறு காலத்தில் பிறந்தவை.

இதன் விளைவு பெரிது. தாழ்சுர அலைகள் பருமனில் பெரியவை. சிதைவுக்கு முன்னே பேஸைக் கூட்டினால் அவையே வால்வின் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு முதலில் வெட்டுப்படுகின்றன. மற்றைச் சுரங்கள் அவற்றோடு சிக்கிக் குழம்புகின்றன. மருமகன் சேறு என்றது இதைத்தான். ஆகவே பேஸை ஒன்றிலோ இரண்டிலோ நிறுத்த வேண்டும். ட்ரெபிளோ இங்கு வெறும் கூர்மைக்கான குமிழ் அன்று. அதைக் கூட்டினால் பின்னுள்ள கட்டங்களுக்குக் கூடுதல் சைகை போய்ச் சிதைவே கூடுகிறது. அதோடு பேஸ், மிடில் இரண்டின் ஆட்சியும் சுருங்குகிறது. பெயர் ஒன்று, வேலை வேறு. அப்படியானால் தாழ்சுரம் எங்கிருந்து வரும்? இந்த வரிசையின் பல மாதிரிகளில் சிதைவெல்லாம் முடிந்தபின் ஐந்து சிறு நெம்புகள் வருகின்றன: 80, 240, 750, 2200, 6600 ஹேர்ட்ஸ். இழந்த தாழ்சுரத்தை 80 இல் ஏற்றித் திரும்பப் பெறலாம். நடுவிலுள்ள 750 ஐக் கீழிறக்கி இருபுறமும் உயர்த்தினால் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போன்ற வடிவம் கிடைக்கும். எண்பதுகளின் உலோக இசைக்குழுக்கள் இந்த வடிவத்தைத் தங்கள் சின்னமாகவே ஆக்கிக்கொண்டன. ‘மெற்றாலிக்கா’வின் 1986 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் மார்க் வரிசையின் ‘ரூ சி பிளஸ்’ மாதிரி பயன்பட்டபின், 1983 முதல் 85 வரை மட்டும் செய்யப்பட்ட அம்மாதிரிக்கு நம்பமுடியாத விலை ஏறியது. 2021 இல் கிப்சன் நிறுவனம் மெசாவை வாங்கியபின், 2024 இல் அதை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள்.

இந்த ‘வி’ குறித்து மருமகனுக்கு மாற்றுக் கருத்துண்டு. கீழறையில் மெல்லிய ஒலியில் அழகாகக் கேட்கும் அந்த வடிவம், குழுவோடு மண்டபத்தில் வாசிக்கும்போது கிற்றாரைக் காணாமற்போகச் செய்துவிடுமாம். 1933 இல் பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் இதற்கான விளக்கத்தின் ஒரு பாதியை அளந்து வெளியிட்டார்கள்: ஒலி மெதுவாக இருக்கையில் மனிதக் காது தாழ்சுரங்களைக் குறைவாகவே கேட்கிறது. வீட்டில் குறையாகத் தோன்றுவதை ஈடுசெய்து வைத்தால் மண்டபத்தில் அது மிகையாகிறது. மறுபாதி, பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பது. கிற்றாரின் குரல் உண்மையில் வாழ்வது அந்த நடுப்பகுதியில்தான். ஆகவே இவன் நடுநெம்பைச் சிறிதளவே இறக்குகிறான்.

வால்வுகளின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதி முதல் எண்பதுகளின் முடிவு வரை அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. றேடியோவும் தொலைக்காட்சியும் கைவிட்ட பொருளைக் கிற்றார்காரர்களுக்காக மட்டும் யார் செய்வார்? ஆனால் இரும்புத்திரைக்கு அப்பால் வால்வுகள் தொடர்ந்தன. 1976 செப்ரெம்பர் 6 ஆம் திகதி, சோவியத் விமானி விக்ரர் பெலென்கோ தனது மிக்-25 போர் விமானத்துடன் ஜப்பானின் ஹகொடாற்றேயில் தரையிறங்கித் தஞ்சம் கோரினார். விமானத்தைப் பிரித்துப் பார்த்த அமெரிக்க வல்லுநர்கள் உள்ளே வால்வுகளைக் கண்டு திகைத்தனர். அந்தத் தொழில்மரபின் மிச்சத்திலேயே பனிப்போருக்குப் பின் மேற்குலகின் றொக் இசை உயிர்வாழ்ந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் வொல்கா நதிக்கரையிலுள்ள சராற்றொவ் நகரின் வால்வுத் தொழிற்சாலையை நியூயோர்க்கின் மைக் மத்யூஸ் வாங்கினார். ஸ்லொவாக்கியாவில் பழைய ‘ரெஸ்லா’ மரபில் இன்னொன்று எழுந்தது. சீனாவிலும் செய்தார்கள். உலகின் தேவை இந்த மூன்று நாடுகளின் விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளில் தொங்கியது.

2022 மார்ச்சில், உக்ரேன் போரையடுத்து ரஷ்யா பல பொருட்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இது எவ்வளவு மெல்லிய நூல் என்பது தெரிந்தது. சராற்றொவ் வால்வுகள் இனி வரமாட்டா என்ற அறிவிப்பு வெளியானதும் கடைகளில் இருப்பு சில நாட்களில் கரைந்தது. விலை ஏறியது. சில வாரங்களில் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியபோதும் ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

மருமகன் அலமாரியைத் திறந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்துக் காட்டினான். உள்ளே பஞ்சில் சுற்றிய ஆறு வால்வுகள். அந்த மார்ச்சில் அவசரமாக வாங்கி வைத்தவையாம். ஒன்றைக் கையில் எடுத்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு றேடியோவின் பின்னட்டையை அப்பா கழற்றும்போது கண்ட அதே வெள்ளிப் பூச்சு, அதே நுண்கம்பிகள். மெதுவாகப் பஞ்சுக்குள் வைத்தேன்.

பின்னர் அவன் பேஸை இரண்டிலும் ட்ரெபிளை ஏழிலும் வைத்து, நெம்புகளைச் சரிசெய்து, ஒற்றைச் சுரத்தை மீட்டிக் கையை எடுத்தான். சுரம் நின்றுகொண்டேயிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை எண்ணியிருப்பேன். மேலே மாடிப்படியருகில் அக்காவின் குரல் கேட்டது. நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. அவன் கெயினைத் தொடவில்லை, மாஸ்டரை மட்டும் ஒன்றுக்கு இறக்கிவிட்டு மீண்டும் வாசித்தான்.